உதட்டில் மட்டும் பாடியவர்

"வாய் பார்த்துக்கொண்டு நிற்காதே" என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளைத் திட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் திட்டு செல்லாது. என் பெரியம்மா வாய் பார்த்தே வேலை கற்றாள், வாய் பார்த்தே கல்யாணம் செய்துகொண்டாள், வாய் பார்த்தே எங்கள் குட்டுகளையெல்லாம் உடைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. கதவைத் திறந்துகொண்டு வந்து பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் என் அம்மாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே நெசவு ஆலையில் சேர்ந்தவள். தறிக்கூடம் என்றால் ஏதோ பத்துப் பதினைந்து தறி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் இருக்கிற ஆள் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது, ஊடுநூலைச் சுமந்துகொண்டு ஓடுகிற நாடா இப்படியும் அப்படியும் அடிக்கிற அடியில் தரை நடுங்கும், பல் நடுங்கும். பக்கத்தில் நிற்பவள் காதில் போய்க் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டால் பேசுவார்கள். துளிச் சத்தம் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் முகம் முழுக்க இழுத்து, புருவத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பேசுவார்கள். மேஸ்திரி நடுவில் நிற்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் அவருடைய வழுக்கையைப் பற்றிய கேலி ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும். காதும் காதும் வைத்தாற்போல் என்பார்களே, அங்கே காதுக்கு வேலையே இல்லை.

சைகைகளும் உண்டு. மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தால், "நிறுத்து, ஆள் மாட்டிக்கிச்சு" என்று அர்த்தம். அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் உடனே தங்கள் கைகளையும் அப்படியே தூக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கைக்குக் கை தாண்டி, கடைசியில் அது மெயின் சுவிட்ச் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும். அவர் இழுத்து அணைப்பார். விளையாட்டுக்கு யாராவது தூக்கினால் அன்றோடு வேலை போய்விடும்.

ஒருமுறை ஒரு பெண்ணின் தலைமுடி பெல்ட்டில் சிக்கியபோது முதலில் கை தூக்கியது பெரியம்மாதான். கைகள் வரிசையாக எழுந்து, தறிகள் நின்று, அந்தப் பெரிய கூடத்தில் சட்டென்று அமைதி வந்தபோது அந்தப் பெண் அழுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

"உசிரு பொழச்சுதுடி. அத்தனை பேருக்கும் அந்தச் சைகை தெரிஞ்சதால பொழச்சுது" என்று பெரியம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். அவள் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயங்கள் மொத்தமே அவ்வளவுதான்.

எதிர் வரிசைத் தறியில் நின்றவர்தான் பெரியப்பா. அந்தக் காலத்தில் ஊரையே மயக்கி வைத்திருந்த ஒரு பாடகர் இருந்தார். ஆலைப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் "நம்ம ஆளு". சாயங்காலம் ரேடியோவில் நம்ம ஆளு ஒரு புதுப் பாட்டுப் பாடினால், மறுநாள் காலை பெரியப்பா அதை எதிர்த் தறியிலிருந்து உதட்டால் பாடிக் காட்டுவார். பெரியம்மா நூல் அறுந்தது தெரியாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் ஒரு பாட்டுத்தான் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது. "விளக்கை அணைத்துவிடாதே, வழியில்தான் இருக்கிறேன்" என்று தொடங்கும். தூரத்து வேலைக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பி வருகிற பாட்டு.

கல்யாணம் ஆன புதிதில், "எனக்காக ஒரு தடவை வாய்விட்டுப் பாடுங்க" என்று கேட்டிருக்கிறாள். பாவம், ஆசை யாரை விட்டது. பெரியப்பாவும் பாடியிருக்கிறார். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்ததாம். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அன்றைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ரேடியோவில் நம்ம ஆளு குரல் கொடுப்பார், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பெரியப்பா வாய் கொடுப்பார். வீட்டிலும் அப்படியே ஆயுசு முழுக்க ஓட்டினார்கள். "எம் புருஷன் ஒருத்தருதான், ஆனா ரெண்டு பேரு சேர்ந்து செஞ்சது" என்பாள் பெரியம்மா. பெரியப்பா ஒருபோதும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு காது போயிற்று. அந்தக் கூடத்தில் வேலை பார்த்த முக்கால்வாசிப் பேருக்குப் போயிற்று. ஆலை யாருக்கும் பிடித்தம் செய்யாமல் கொடுத்த ஒரே சன்மானம் அதுதான். வாசலில் ஊதுகிற ஷிப்ட் சங்கு கேட்கவில்லை என்று தெரிந்த நாளில்தான் அவள் வைத்தியரிடமே போனாள். செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பா பஞ்சுத் தூசியை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும், கீழே ஒற்றை அறையில் பெரியம்மா. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து சாயங்காலம் திரும்பி எட்டிப் பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் மலர்ந்து கிடக்கும்.

"என்ன பெரியம்மா பண்ற?"

"சும்மா இரு. பாடிட்டிருக்காரு."

பெரியப்பாவின் வாய் அவளுக்கு அச்சு அசலாக ஞாபகம் இருந்தது. எந்தச் சொல்லில் உதடு குவியும், எங்கே பல் தெரியும், மூச்சு வாங்க எங்கே நிறுத்துவார், எல்லாம் இருந்தது. இல்லாதது குரல்தான். "நம்ம ஆளு குரல் எப்படி இருக்கும்னே மறந்து போச்சுடி" என்று ஒருநாள் சொன்னபோது அவள் முகம் சுருங்கிப் போயிருந்தது. பழைய பாட்டையெல்லாம் போனில் போட்டுக் காதருகே வைத்துப் பார்த்தேன். ஏதோ கரகரவென்கிறது என்றாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் சுவரொட்டி பார்த்தேன். நம்ம ஆளு, எண்பதைத் தாண்டியவர், எங்கள் ஊர் விளையாட்டு அரங்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி மேடை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காது கேட்காதவங்களுக்குக் கச்சேரியா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் வந்தது. காதுக் கருவிக் கடையில் போய்ப் பெரியம்மாவுக்குப் புதுசாக ஒன்று பொருத்தினோம். முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இடம் பிடித்தேன்.

"ஒரே ஒரு தடவை அந்தக் குரல் காதுல விழுந்தாப் போதும். மீதி எல்லாம் எங்கிட்ட இருக்கு, நான் சேர்த்து வெச்சுக்குவேன்" என்றாள் பெரியம்மா. அந்த வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் சொன்னாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவளிடம் உதட்டாலேயே சொன்னாள். அவள் ஒன்றும் புரியாமல் கையை ஆட்டினாள்.

அரங்கு நிரம்பி வழிந்தது. எல்லாம் நரைத்த தலைகள். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக வந்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், பார்த்த உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் முதல் காதல் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

விளக்குகள் அணைந்தன. மேடையில் நம்ம ஆளின் மகன் முதலில் வந்தார். கறுப்புக் கோட்டு, நல்ல சிரிப்பு. அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நடுவில் நிறுத்தி, மைக்கை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். நம்ம ஆளு உடம்பு வற்றி, கோட்டுக்குள் எங்கேயோ இருந்தார். அரங்கே எழுந்து நின்று கைதட்டியது. இசை தொடங்கியது.

குரல் வந்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வயசுக் குரல். ஒரு பிசிறு இல்லை. பெரியம்மாவைப் பார்த்தேன். காதுக் கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேக்குதா?" என்று உதட்டால் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது கொஞ்சம் வரும்.

"கேக்குதுடி! இதேதான். இதேதான் அது!"

அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் அவள் இருந்த சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

இரண்டாவது பாட்டுக்கு மேடை விளக்குகளைக் கூட்டினார்கள். மகன் அப்பாவை முன்னால், எங்களுக்கு நேராகவே கொண்டுவந்து நிறுத்தினார். தொடங்கியது "விளக்கை அணைத்துவிடாதே". பக்கத்து அம்மாள் விசும்பினார். எனக்கும் அழுகை முட்டியது. பெரியம்மா முன்னால் சாய்ந்து அவர் வாயையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் நெற்றி சுருங்கியது. என் கையைத் தட்டினாள்.

"அவரு பாடல."

"என்னது?"

"பாடலடி. வாய் வேற சொல்லுது."

நான் பார்த்தேன். மைக் பாதி மறைத்தது. ஆனாலும் அவள் சொன்ன பிறகு எனக்கே தெரிந்தது. பாட்டு நீட்டுகிற இடத்தில் அவர் வாய் மூடியிருந்தது. பாட்டு நின்ற இடத்தில் வாய் அசைந்தது. எப்போதோ பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு, ஆளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற யானையை யாரும் விசாரிப்பதில்லை.

சரி, ஊரில் நடக்காததா, வயசானவர், தொண்டை போயிருக்கும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். "பெரியம்மா, நீ கண்ணை மூடிக்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு" என்றேன்.

அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கண்ணை மூடினா எனக்கு எப்படிடி கேக்கும்?"

திரும்பவும் மேடையைப் பார்த்தாள். பிறகு அவர் சொல்வதை அப்படியே தன் உதட்டில் எடுத்து எனக்குக் காட்டினாள். ஆலையில் எட்டாத தூரத்து ஆளின் பேச்சை இப்படித்தான் நடுவில் இருப்பவர்கள் எடுத்துக் கடத்துவார்களாம்.

"இது யார் வீடு?"

"அதையா சொல்றாரு?"

"திரும்பத் திரும்ப அதையேதான் கேக்கறாரு. இது யார் வீடு? என்னைக் கூட்டிட்டுப் போங்க. இது யார் வீடு? இங்க யாரையும் தெரியல. அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

மேலே அந்த இளம் குரல், வழியில்தான் இருக்கிறேன், வந்துவிடுவேன் என்று குழைந்து குழைந்து பாடிக்கொண்டிருந்தது. கீழே அந்தக் கிழவர் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்றார். மகன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஆடினார். அந்தச் சிரிப்பை எழுந்துபோய் அழித்துவிடலாம்போல் எனக்கு வந்தது. ஆனால் நான் எழவில்லை. எழுந்தது பெரியம்மா.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள்.

முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆள் மாட்டிக்கொண்டது. நிறுத்து.

பக்கத்து அம்மாள் அண்ணாந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரும் கைகளைத் தூக்கிக் குறுக்காக வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில் கணவன் மனைவியாக இருவர். வரிசை வரிசையாக எழுந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே தூக்கினார்கள். பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசை வரைக்கும் கை கையாக எழும்புவதைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த அந்தப் பெருமையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அத்தனை பேருக்கும் சைகை தெரிந்திருக்கிறது. இப்போது நிற்கப்போகிறது.

அரங்கின் பின்னால் உயரமான மேசையில் பாட்டையும் விளக்கையும் இயக்குகிற ஆள் இருந்தார். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கிக் குறுக்காக வைத்தார். தூக்கினார், அணைக்கவில்லை. கைகள் தாளத்துக்கு இடமும் வலமும் ஆடத் தொடங்கின.

மேடையில் மகனுக்கு ஒரே குஷி. "அப்பா, பாருங்க! எல்லாம் உங்களுக்காக!" என்று தன் கோட்டில் குத்தியிருந்த மைக்கில் கத்தினார். அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டார். அப்பா கையிலிருந்த மைக்கும் தலைக்கு மேலே போயிற்று. பாட்டு மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இப்போது மறைப்பதற்கு மைக்கும் இல்லை, எனக்கே அவர் வாய் நன்றாகத் தெரிந்தது. இது யார் வீடு.

பெரியம்மா மெல்லக் கைகளை இறக்கி உட்கார்ந்தாள். காதுக் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு மேடையைப் பார்க்கவில்லை, மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அம்மாள் என்னிடம் குனிந்து, "உங்க அம்மாவுக்கு எவ்வளவு உற்சாகம், பாருங்க. அவங்கதான் ஆரம்பிச்சு வெச்சாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

பேருந்தில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவரை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"மகன் கூட்டிட்டுப் போவாரு பெரியம்மா."

"அவன்தானே கூட்டிட்டு வந்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் சரியாகவில்லை. காதுக் கருவியை மாட்டிக்கொள்ளச் சொன்னால் தலையை ஆட்டுவாள், மாட்ட மாட்டாள். இரண்டு நாள் பொறுத்து, சாயங்காலம் வேலை முடிந்து எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"ஏன் பெரியம்மா இப்படி?"

நான் நாற்காலியை அவளுக்கு எதிரே திருப்பிப் போட்டேன். அவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, பெரியப்பா போனபோதுகூட.

"அவரும் அதையேதாண்டி கேக்கறாரு" என்றாள். செவிடர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். "பாட்டு வரமாட்டேங்குது. உதடு குவியுது, பாட்டுத்தான்னு பாக்கறேன். இது யார் வீடுன்னு கேக்கறாரு. நம்ம வீடுதாங்கன்னு சொல்றேன். என்னைத் தெரியலங்கறாரு."

குரலைத் தேடிப் போய் வாயையும் தொலைத்துவிட்டு வந்திருந்தாள். அழைத்துப்போனது நான்.

எனக்குத் தாங்கவில்லை. பெரியப்பாவின் நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். அவள் கைகளை முகத்திலிருந்து விலக்கினேன். அவர் செய்கிறமாதிரி புருவத்தைத் தூக்கி, சத்தம் இல்லாமல், முகம் முழுக்க இழுத்து ஆரம்பித்தேன். விளக்கை அணைத்துவிடாதே. வழியில்தான் இருக்கிறேன்.

அவள் பார்த்தாள். முதல் வரியில் ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்ததுபோல் இருந்தது. நான் விடாமல் அடுத்த வரிக்குப் போனேன். அவள் என் வாயையே வெறித்தாள். என் உதட்டில் அவள் எதைப் படித்தாளோ தெரியாது. நான் பாட்டைத்தான் பாடினேன். அவள் மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தாள்.

நான் நிறுத்தினேன்.

அவள் கைகளை இறக்கவில்லை. பார்த்தவர்கள் தாங்களும் தூக்கிப் பின்னால் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதுதானே சட்டம். நானும் என் கைகளைத் தூக்கிக் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.